மாவுக்குக் கதிர்வீச்சு: ஒட்டுக்குச்சியில் தொடங்கி புதிய ரகம் வரை முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் யாரிடமாவது பெங்களூரா மா ரகத்தில் என்ன குறை என்று கேட்டுப் பாருங்கள். மரம் ரொம்ப உயரம், பறிக்க ஆள் கிடைப்பதில்லை, ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் அடுத்த வருடம் படுத்துவிடுகிறது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முற்றுவதால் கூழ் தொழிற்சாலை வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன என்பார்கள். விலை நம் கையில் இல்லை. ஆனால் மரத்தின் உயரம், காய் முற்றும் மாதம், கொட்டையின் பருமன், தோலின் நிறம் இதெல்லாம் மரபணுவில் இருக்கும் விஷயம், அதை மாற்ற வழி இருக்கிறது.

கலப்பினம் செய்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும், ஆனால் மாவில் அது பெரிய பாடு. ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும், கடைசியில் நிற்பது ஒன்றிரண்டு காய்தான். கையால் மகரந்தம் வைத்து, அந்தக் காயைக் காப்பாற்றி, கொட்டையைப் போட்டு, கன்று காய்க்கும் வரை வருடக்கணக்கில் காத்திருந்தாலும் வருவது பெங்களூரா இல்லை, பாதி பெங்களூரா பாதி வேறொன்று. தொழிற்சாலைக்குப் பழகிய ருசி, கூழின் கெட்டி, நம் மானாவாரி மண்ணைத் தாங்கும் குணம் எல்லாம் கலைந்துவிடும். கதிர்வீச்சில் இருக்கும் வசதி என்னவென்றால், ரகத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு ஒரு குணத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

பர்கூர் பக்கத்தில் எங்கள் இரண்டு ஏக்கர் தோப்பில் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். என்னிடம் ஆய்வகம் கிடையாது, ஒட்டுக் கட்டத் தெரிந்த கை இருக்கிறது. கதிர் பாய்ச்சுவது மொத்தமே சில நிமிட வேலை. மீதி பத்து வருடமும் தோப்பில்தான்: ஒட்டுக் கட்டுவது, வெட்டிவிடுவது, எண் போடுவது, உற்றுப் பார்ப்பது. பெரும்பாலும் முயற்சி வீணாவது அந்த மீதியில்தான் என்பதால் அதைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

கதிர் என்ன செய்யும், என்ன செய்யாது

காமா கதிர் செல்லுக்குள் புகும்போது டிஎன்ஏ இழை அங்கங்கே அறுகிறது. செல் அதைத் தானே ஒட்டிக்கொள்ளும், ஒட்டும்போது சில இடத்தில் பிழை விழும். அந்தப் பிழைதான் சடுதி மாற்றம். எக்ஸ் கதிரால் இப்படி மாற்றம் உண்டாக்க முடியும் என்று முல்லர் 1927இல் பழ ஈயில் காட்டினார், அடுத்த வருடமே ஸ்டாட்லர் பார்லியில் காட்டினார். இயற்கையிலும் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. நம் பூவன் வாழையிலிருந்து மொட்டா பூவன் வந்தது அப்படித்தான், யாரும் எதையும் பாய்ச்சவில்லை. கதிர் வீச்சு அந்த வேகத்தைப் பல மடங்கு கூட்டுகிறது, அவ்வளவுதான்.

கதிர் பட்ட குச்சி கதிரியக்கப் பொருளாக மாறிவிடாது. வெளிச்சத்தை அணைத்த பிறகு சுவரில் வெளிச்சம் தங்காத மாதிரி. அமெரிக்காவுக்குப் போகும் நம் நாட்டு மாம்பழத்தில் பூச்சி இல்லாமல் இருக்க, குறைந்தது 400 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) கதிர் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள், அதைத் தின்கிறார்கள். ஒட்டுக்குச்சிக்கு, அதாவது ஒட்டுக் கட்ட வெட்டி எடுக்கும் நுனிக்கிளைத் துண்டுக்கு, நாம் கொடுக்கப்போவது அதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. வேறு உயிரின் மரபணுவை இதில் நுழைப்பதில்லை, எனவே மரபணு மாற்றுப் பயிர் என்ற கணக்கிலும் இது வராது.

நம் மாவட்டத்துக்கு இது புதுசும் இல்லை. காவேரிப்பட்டினம் பக்கத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பையூர் 2 கொள்ளு, கோ 1 கொள்ளில் காமா கதிர் பாய்ச்சி எடுத்த ரகம்தான். பலருடைய வீட்டில் அந்தக் கொள்ளில் ரசம் வைத்துக் குடித்திருப்பார்கள், கதை தெரியாமலேயே.

இப்போது முக்கியமான விஷயம். கதிர் புதிதாக ஒன்றைக் கட்டிக் கொடுக்காது. பெரும்பாலும் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு மரபணுவை முடக்கும். அதனால் "மரத்துக்கு என்ன வேண்டும்" என்று கேட்காதீர்கள், "எது இல்லாமல் போனால் நமக்கு நல்லது" என்று கேளுங்கள். உலகத்தில் ஜெயித்த பழ ரகங்களைப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். டெக்சாசில் ஹட்சன் என்ற விதை நிறைந்த கிரேப்ஃப்ரூட்டின் விதைகளை 1959இல் நியூட்ரான் கதிரில் வைத்தார்கள், விதை ஏறக்குறைய இல்லாத ஸ்டார் ரூபி 1970இல் வெளிவந்தது. கலிஃபோர்னியாவின் டேங்கோ ஆரஞ்சு 2006இல் வந்தது, பக்கத்தில் வேறு மரத்து மகரந்தம் வந்தாலும் விதை பிடிக்காது. செர்ரி தன் மகரந்தத்தைத் தானே ஒதுக்கித் தள்ளும் மரம், அந்த ஒதுக்கும் குணத்தை எக்ஸ் கதிரால் முடக்கியதில் கிடைத்த வழியில்தான் ஸ்டெல்லா வந்தது, துணை மரம் இல்லாமலே காய்க்கும். இங்கே இந்தியாவில் பப்பாளியில் பூசா நன்ஹா, அண்மையில் ஜி9 வாழையிலிருந்து டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையமும் திருச்சி வாழை ஆராய்ச்சி மையமும் சேர்ந்து கொண்டுவந்த காவேரி வாமன், இரண்டுமே குட்டை. விதை இல்லை, உயரம் இல்லை, ஒதுக்கும் குணம் இல்லை. எல்லாம் 'இல்லை'தான்.

முதல் படி: ஒரே ஒரு குணத்தை எழுதி வையுங்கள்

ஒரு தாளில் ஒரு வரி போதும். பெங்களூராவுக்கு என்றால் "குட்டை மரம்" அல்லது "மெல்லிய கொட்டை" அல்லது "மூன்று வாரம் முன்னால் அல்லது பின்னால் முற்றும் காய்". மகசூல் கூட வேண்டும் என்று எழுதாதீர்கள், மகசூல் பல மரபணுக்களின் கூட்டு, ஒன்றை முடக்கி அதைக் கூட்ட முடியாது. இனிப்பும் அப்படித்தான், கிடைத்தால் சந்தோஷம், அதை நம்பி இறங்கக்கூடாது. மல்கோவா, செந்தூரா, நீலம் எதை எடுத்தாலும் இதே விதிதான்: மற்ற எல்லாவற்றிலும் நல்லதாக இருந்து ஒரே ஒரு குறை உள்ள ரகத்தைத்தான் எடுக்க வேண்டும். நாலு குறை உள்ள ரகத்தில் ஒன்றைச் சரிசெய்தாலும் மூன்று மிச்சம் இருக்கும்.

இன்னொன்று, அந்தக் குணத்தைக் கண்ணால் பார்த்தோ டேப்பால் அளந்தோ கண்டுபிடிக்க முடிய வேண்டும். குட்டைக் குணம் இரண்டாம் வருடத்திலேயே தெரியத் தொடங்கும், கொட்டை விஷயத்துக்குக் காய் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். கொஞ்சமாக நிலம் வைத்திருப்பவர்களுக்குக் குட்டைதான் நல்ல தொடக்கம்.

இரண்டாம் படி: வேர்ச்செடியும் ஒட்டுக்குச்சியும்

ஜூன், ஜூலையில் கூழ் தொழிற்சாலைகளில் கொட்டை மலையாகக் குவியும், ஒட்டுக்கு அடியாக நிற்கும் கொட்டைக்கன்றுக்கு, அதாவது வேர்ச்செடிக்கு, பஞ்சமே இல்லை. ஆனால் எடுத்த ஒரு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள், மாங்கொட்டையின் முளைப்புத்திறன் ஒரு மாதத்தைத் தாண்டாது. கதிர் பாய்ச்சிய குச்சி திரும்பி வரும் நாளில் வேர்ச்செடிகள் தயாராக நிற்க வேண்டும், எனவே வேர்ச்செடிதான் முதலில், குச்சி அப்புறம்.

குச்சிக்கு உங்கள் தோப்பிலேயே நன்றாகக் காய்க்கும், நோயில்லாத ஒரே ஒரு தாய்மரத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மரத்துக் குச்சியைக் கலந்தால் பின்னால் தெரியும் வேறுபாடு கதிரால் வந்ததா தாய்மரத்தால் வந்ததா என்று சொல்லவே முடியாது. மூன்று நாலு மாதம் முதிர்ந்த, பென்சில் பருமன் உள்ள நுனிக்கிளையில், வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே இலைகளைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கிவிடுங்கள். கண்கள் (துளிர்க்கும் மொட்டுகள்) பருத்துக்கொண்டு வரும், ஆனால் வெடித்துத் துளிர்க்கக்கூடாது, அந்தப் பதத்தில் வெட்ட வேண்டும். நீளம் 15 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், கதிர் பாய்ச்சும் கருவியான காமா சேம்பரின் உள்ளே பொருள் வைக்கும் பாத்திரம் சின்னது.

வெட்டியதும் நுனியை மெழுகில் தொட்டு, ஈர வாழைப்பட்டையில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, தெர்மகோல் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். நான் முதல் முறை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, அந்தத் தாளிலேயே பேனாவால் அளவை எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தபோது மை கரைந்து 20 எது 40 எது என்று தெரியவில்லை, அந்த வருட வேலை அத்தோடு போயிற்று. அப்புறம் ஒவ்வொரு கட்டுக்கும் அலுமினியத் தகட்டில் ஆணியால் எண் குத்திக் கட்டத் தொடங்கினேன். தோப்பிலும் அதே தகடுதான், ஏனென்றால் மார்க்கர் எழுத்து பர்கூர் வெயிலில் ஒரு கோடையைக்கூடத் தாண்டுவதில்லை.

மூன்றாம் படி: எவ்வளவு கிரே

கதிரின் அளவை கிரே என்ற அலகில் சொல்வார்கள். பழைய கட்டுரைகளில் கிலோராட் என்று இருக்கும், ஒரு கிலோராட் பத்து கிரே. அளவு குறைந்தால் ஒன்றும் நடக்காது, கூடினால் கண் கருகிச் செத்துவிடும். இரண்டுக்கும் நடுவில், பாதிக் குச்சிகள் சாகும் அளவு என்று ஒன்று உண்டு, அதைச் சுற்றித்தான் வேலை செய்ய வேண்டும். அந்த அளவு ரகத்துக்கு ரகம், குச்சியின் பதத்துக்குப் பதம் மாறும், பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

எனவே முதல் வருடம் வெறும் சோதனைதான். மா ஒட்டுக்குச்சிக்கு 0, 10, 20, 30, 40, 50 கிரே என்று ஆறு கட்டு, ஒவ்வொன்றிலும் 25, 30 குச்சி. அந்த 0 கட்டு கட்டாயம், அதுவும் அதே பெட்டியில் பயணம் போய் அதே நாளில் திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் குச்சி கதிரால் செத்ததா பஸ்ஸில் வாடிச் செத்ததா என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ஒரே கை, ஒரே வாரத்தில் ஒட்டுக் கட்டி, 90ஆம் நாள் உயிரோடு இருப்பதை எண்ணுங்கள், துளிரின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். 0 கட்டில் 30க்கு 24 பிடித்து, ஏதோ ஒரு கட்டில் 12 மட்டும் பிடித்திருந்தால் அதுதான் உங்கள் பாதி அளவு. அடுத்த வருடம் பெரிய தொகுதிக்கு அந்த அளவையும், அதற்கு ஒரு படி கீழ் உள்ள அளவையும் எடுங்கள். என் அனுபவத்தில் கீழ்ப்படி நல்லது, மாற்றம் கொஞ்சம் குறைவாக வந்தாலும் மரம் மற்ற விதத்தில் கெடாமல் இருக்கிறது.

விதை என்றால் கணக்கே வேறு. காய்ந்த விதை குச்சியைவிட மிக அதிகமாகத் தாங்கும், அளவு நூற்றுக்கணக்கில் போகும். விதையின் ஈரம் 12லிருந்து 14 சதவீதத்துக்குள் இருக்கட்டும், ஈரம் மாறினால் அதே கிரே வேறு மாதிரி வேலை செய்யும்.

நான்காம் படி: காமா சேம்பர்

உள்ளே இருப்பது கோபால்ட் 60. ஈயக் கவசத்துக்குள் மூலம் இருக்கும், பொருளை வைக்கும் பாத்திரம் மட்டும் மேலிருந்து கீழே இறங்கி, குறித்த நேரம் நின்று, மேலே வந்துவிடும். கோபால்ட் 60இன் வீரியம் 5.27 வருடத்துக்கு ஒரு முறை பாதியாகும். அதனால் போன முறை மூன்று நிமிடம் வைத்தோமே, இந்த முறையும் மூன்று நிமிடம் என்று சொல்லக்கூடாது, இன்றைய தேதிக்கு மணிக்கு எத்தனை கிரே என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மணிக்கு 600 கிரே என்றால் நிமிடத்துக்கு 10, ஆக 30 கிரேக்கு மூன்று நிமிடம். ஐந்தே கால் வருடம் கழித்து அதே சேம்பரில் அதே 30 கிரேக்கு ஆறு நிமிடம் ஆகும். நமக்கு வேண்டிய அளவு சின்னது, எனவே பழைய சேம்பரே நல்லது, புதுசில் நொடிக்கணக்கில் அளக்க வேண்டியிருக்கும், பிழை கூடும்.

சேம்பர் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, டிராம்பேயில் இருக்கிறது. நாம் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைவிட, தருமபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் வழியாகவும், கிருஷ்ணகிரிக்காரர்கள் பையூர் வழியாகவும் கேட்பது நல்லது. என்ன பயிர், எத்தனை குச்சி, என்ன அளவு, எந்தத் தேதி என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். தெளிவாக எழுதிக்கொண்டு வருபவரிடம் விஞ்ஞானிகள் பேசும் விதமே வேறு.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கதிர் மூலத்தை எங்கேயும் விலைக்கு வாங்கவோ, பழைய இரும்பில் கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்தால் தொடவோ கூடாது. 2010இல் டெல்லி மாயாபுரியில் ஏலத்தில் போன ஒரு பழைய கதிர்வீச்சு இயந்திரத்தைப் பழைய இரும்புக் கடையில் உடைத்தார்கள், உள்ளே இருந்தது இதே கோபால்ட் 60, ஒருவர் இறந்தார், பலர் படுக்கையில் விழுந்தார்கள். உரிமம் உள்ள இடம் தவிர வேறெங்கும் இந்த வேலை கிடையாது. இ.எம்.எஸ் என்ற வேதிப்பொருளாலும் சடுதி மாற்றம் செய்யலாம் என்று படித்திருப்பீர்கள், அது புற்றுநோய் வரவழைக்கும் பொருள், வீட்டில் வைத்துச் செய்யும் வேலை இல்லை.

ஐந்தாம் படி: முதல் ஒட்டு

பெட்டி திரும்பி வந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாள், ஒட்டுக் கட்டிவிடுங்கள். மென்தண்டு ஒட்டு போதும், பழக்கமான முறை எதுவானாலும் சரி. ஒவ்வொரு ஒட்டுக்கும் தனி எண், என்னுடையது 30-112 என்கிற மாதிரி இருக்கும்: 30 கிரே, 112ஆம் குச்சி. ஒரு நோட்டு, ஒரே நோட்டு, மழையில் நனையாத இடத்தில்.

எத்தனை வேண்டும்? நமக்கு வேண்டிய மாற்றம் எப்போதாவதுதான் விழும், ஐம்பது ஒட்டு வைத்து எதிர்பார்ப்பது வீண். குறைந்தது 500, 600 குச்சியாவது வேண்டும், பாதி செத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இடம் இல்லாதவர்கள் நாலு பேர் சேர்ந்து செய்யலாம், ஒரே தாய்மரம், ஒரே நாள் கதிர், நாலு தோப்பு.

முதல் துளிர் வரும்போது பயந்துவிடாதீர்கள், துள்ளவும் வேண்டாம். இலை சுருங்கியிருக்கும், நடு நரம்பு இரண்டாகப் பிளந்திருக்கும், ஒரு பக்கம் மஞ்சள் கோடு ஓடும், சிலது கட்டைவிரல் அளவுக்கு மேல் வளரவே வளராது. இது பெரும்பாலும் அடிபட்ட வலி, மரபணு மாற்றம் இல்லை. இரண்டாம் மூன்றாம் துளிரில் சரியாகிவிடும். முதல் வருடத்தில் எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது, எதையும் பிடுங்கவும் கூடாது.

ஆறாம் படி: கலவையைப் பிரிப்பது

இந்தப் படியைத் தாண்டியவர்கள் குறைவு, அதனால் பொறுமையாகப் படியுங்கள். ஒரு கண்ணுக்குள் இருக்கும் வளரும் நுனியில் ஒன்றல்ல, பல செல்கள் இருக்கின்றன. வெங்காயம் மாதிரி மூன்று அடுக்கு: மேல் அடுக்கு தோலாகும், இரண்டாம் அடுக்கிலிருந்து மகரந்தமும் சூலும் வரும், உள் அடுக்கு தண்டின் நடுப்பகுதியாகும். கதிர் பட்டு மாறுவது இதில் ஏதோ ஒரு அடுக்கில் ஏதோ ஒரு செல். அந்தக் கண் துளிர்த்து வளரும்போது கிளையின் ஒரு ஓரத்தில் மட்டும் மாறிய திசு கோடு மாதிரி ஏறும், மீதி எல்லாம் பழைய பெங்களூரா. இப்படிக் கலந்து நிற்பதைத்தான் கைமீரா என்கிறார்கள். நன்றாக இருக்கும் செல்கள் வேகமாகப் பெருகும், அடிபட்ட செல் பின்தங்கும், சும்மா விட்டுவிட்டால் மூன்று வருடத்தில் மாறிய பகுதி காணாமலே போய்விடும். நல்ல மாற்றம் கைக்கு வந்தும் தெரியாமல் இழப்பது இப்படித்தான்.

அதற்கு வழி வெட்டுவது. ஒட்டு பிடித்து இரண்டு மூன்று துளிர் வந்ததும், அந்தக் கிளையின் அடியிலிருந்து நடுப்பகுதி வரை உள்ள கண்களைத் தனித்தனியாக எடுத்துப் புதிய வேர்ச்செடிகளில் கட்டுங்கள். நுனி மொட்டை மட்டும் எடுத்தால் பயன் இல்லை. மாறிய கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணிலிருந்து வரும் செடியில் மாறிய பங்கு கூடுதலாக இருக்கும், கோட்டுக்கு வெளியே உள்ள கண்ணிலிருந்து வருவது வெறும் பெங்களூரா. எந்தக் கண் எது என்று நமக்குத் தெரியாது, அதனால்தான் ஒரு ஒட்டிலிருந்து நாலைந்து கண். இப்படி முதல் ஒட்டை எம்1வி1 என்றும், அதிலிருந்து எடுத்ததை எம்1வி2 என்றும், அடுத்ததை எம்1வி3 என்றும் சொல்வார்கள். குறைந்தது வி3 வரை போங்கள். நோட்டில் என் எண் இப்படி நீளும்: 30-112-4-2, அதாவது 112ஆம் குச்சியின் நாலாம் கண், அதன் இரண்டாம் கண். பிற்பாடு ஒரு செடி நன்றாக வந்தால் அதன் அண்ணன் தம்பிகளைத் தேடிப் பார்க்க இந்த எண் இல்லாமல் முடியாது.

ஜப்பானில் நடந்த ஒரு கதை இங்கே பொருந்தும். ஹிட்டாச்சி ஓமியாவில் நடுவில் கோபால்ட் 60 வைத்துச் சுற்றிலும் பயிர் நட்ட காமா வயல் என்று ஒரு இடம். 1962இல் அங்கே நிஜிசெய்கி என்ற பேரி மரத்தை நட்டார்கள், நல்ல ரகம், ஆனால் கரும்புள்ளி நோய்க்கு மருந்து அடித்து மாளாது. 1981இல் ஒரு மரத்தில் ஒரே ஒரு கிளையில் மட்டும் நோய் குறைவாக இருந்ததை ஒருவர் கவனித்தார். மரம் முழுக்க நோய், அந்தக் கிளை சுத்தம். அந்தக் கிளையிலிருந்து வந்ததுதான் கோல்ட் நிஜிசெய்கி. 19 வருடம் கதிர் பாய்ந்திருக்கிறது, ஆனால் ரகம் பிறந்தது அந்தக் கிளையை அவர் பார்த்த அன்றுதான்.

ஏழாம் படி: பார்ப்பது, அளப்பது, மறுபடி கட்டிப் பார்ப்பது

குட்டைக்கு: ஒட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தண்டின் சுற்றளவு, ஒவ்வொரு துளிரின் நீளம், அதில் இலை எத்தனை. துளிர் குட்டையாகி இலை எண்ணிக்கை அதேபோல் இருந்தால் நல்ல அறிகுறி, இலையும் குறைந்திருந்தால் செடி வெறுமனே நோஞ்சான். பழத்துக்கு: பழ எடை, கொட்டை எடை, தோல் எடை, ரிஃப்ராக்டோமீட்டரில் பிரிக்ஸ் (இனிப்பின் அளவு), சாதாரண அறையில் எத்தனை நாள் தாங்குகிறது. அன்றே 0 கிரே மரத்துப் பழத்தையும் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும், போன வருட அளவோடு ஒப்பிடக்கூடாது.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு இரண்டு வருடம் மிச்சமாகும். 20 கிரே தொகுதியில் ஒரு செடி இடுப்பளவே நின்றது, பக்கத்தில் உள்ளவை தலைக்கு மேல். அழகான அடர்ந்த குடை. கிடைத்துவிட்டது என்றே நினைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். அப்புறம் அதிலிருந்து ஆறு குச்சி எடுத்து வேறு ஆறு வேர்ச்செடியில் கட்டினேன், ஆறும் சாதாரண பெங்களூராவாக விறுவிறுவென்று வளர்ந்தன. குட்டையாக இருந்தது ஒட்டு இல்லை, அடியில் இருந்த வேர்ச்செடி. பெங்களூரா கொட்டையில் ஒரே கருதான், ஒவ்வொரு கொட்டையும் ஒரு தனிக் கலப்பு, அதனால் வேர்ச்செடிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. எனவே குட்டை என்று சந்தேகப்படும் எதையும் குறைந்தது பத்து வெவ்வேறு வேர்ச்செடியில் கட்டுங்கள், பத்தில் எட்டு ஒன்பதாவது குட்டையாக நின்றால்தான் அது மரபணு. முடிந்தால் ஒப்பிடுவதற்குப் பையூர் 1 மா இரண்டு கன்று பக்கத்தில் நடுங்கள், நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்த குட்டை ரகம் அது, குட்டை என்றால் எவ்வளவு குட்டை என்பதற்கு நல்ல அளவுகோல்.

பழம் சீக்கிரம் பார்க்க வேண்டுமானால் வி3 குச்சிகளைக் காய்க்கும் வயதுள்ள பெரிய மரத்தின் கிளைகளில் மேலொட்டாகக் கட்டலாம், இரண்டு மூன்று வருடத்தில் பூ வரும். பழக் குணம் பார்க்க இது நல்ல வழி, குட்டைக் குணம் பார்க்க உதவாது, அடிமரம் தள்ளிவிடும்.

ஒரு காய்ப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று பருவம் பாருங்கள், அதில் ஒன்று மழை தவறிய வருடமாக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் வேறு மண்ணுக்குக் கொடுங்கள், பாலக்கோடு பக்கம் ஒருவர், அரூர் பக்கம் ஒருவர், வேப்பனப்பள்ளி பக்கம் ஒருவர், ஆளுக்குப் பத்துக் கன்று. ஆக மொத்தம் மாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும் என்று மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்குப் பப்பாளி, வாழை

பப்பாளி விதையில் செய்வது, ஒரு வருடத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். கதிர் பட்ட விதையிலிருந்து வரும் முதல் தலைமுறையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. மறைந்திருக்கும் மாற்றம் வெளியே வர அடுத்த தலைமுறை வேண்டும். எனவே இருபால் பூவை மலரும் முன்பே பையிட்டு மூடித் தன் மகரந்தத்திலேயே காய்க்க விட்டு, ஒவ்வொரு மரத்து விதையையும் தனித்தனியாக எடுத்து, தனித்தனி வரிசையில் விதையுங்கள். ஆண், பெண் தனி மரமாக வரும் ரகம் என்றால் ஒரே குடும்பத்து ஆணையும் பெண்ணையும் சேர்க்க வேண்டும், அப்படிச் செய்யும்போது சில மாற்றங்கள் இன்னும் ஒரு தலைமுறை தள்ளித்தான் வெளியே வரும். பூசா நன்ஹா அப்படித்தான், மூன்றாம் தலைமுறையில் குட்டையைக் கண்டுபிடித்து, குட்டைக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்து நிலைப்படுத்தினார்கள். பையிட்ட மரத்திலிருந்து விதைக்கும்போது மாற்றம் நாலில் ஒன்றாக வெளிப்பட்டால்கூட, வரிசைக்குப் பத்துச் செடி வைத்தால் நூற்றில் ஐந்தாறு முறை கண்ணுக்குத் தப்பிவிடும், இருபது வைத்தால் ஏறக்குறைய தப்பாது. கைமீராவால் நாலில் ஒன்றுக்கும் குறைவாகவே வரும் என்பதால் முப்பது வையுங்கள்.

வாழைக்கு விதை இல்லை, பக்கக்கன்று கதிர் பாய்ச்சப் பெரிது. திசு வளர்ப்புக் குடுவையில் இருக்கும் நுனித் திசுவுக்குத்தான் கொடுக்க வேண்டும், அப்புறம் மூன்று நாலு முறை குடுவை மாற்றிப் பெருக்கினால் கலவை பிரிந்துவிடும். ஆய்வகம் ஒன்று கூட நின்றால் மட்டும் இறங்குங்கள்.

எட்டாம் படி: பெயரும் பதிவும்

2001ஆம் வருடப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் விவசாயி தன் பெயரிலேயே ரகத்தைப் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. மற்ற ரகங்களிலிருந்து வேறுபட்டிருக்கிறதா, எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கிறதா, வருடத்துக்கு வருடம் மாறாமல் நிற்கிறதா என்ற மூன்றையும் பார்ப்பார்கள். மரப்பயிருக்குப் பாதுகாப்பு 18 வருடம். நீங்கள் எடுத்த தாய்ரகம் யாருடைய பெயரிலாவது பாதுகாப்பில் இருந்தால் அவர்களிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும், பெங்களூரா மாதிரிப் பழைய ரகத்தில் அந்தச் சிக்கல் இல்லை. பதிவு முடியும் வரை குச்சியைச் சந்தூர் நர்சரிக்கோ சொந்தக்காரர்களுக்கோ கொடுத்துவிடாதீர்கள், விற்கத் தொடங்கிவிட்ட ரகத்தைப் புதிய ரகம் என்று பதிவு செய்வதில் பிரச்சினை வரும். பரிசோதனைக்குக் கொடுத்தால் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் குச்சிக்குக் கதிர் பாய்ச்சும் நாள் வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இப்போதே உங்கள் தோப்பில் இருக்கும் பழைய மரங்களைக் கிளை கிளையாகப் பாருங்கள், பறிப்புக்கு ஒரு வாரம் முன்னால் பார்ப்பது நல்லது. மற்ற கிளைகளிலிருந்து நிறத்திலோ வடிவத்திலோ முற்றும் நாளிலோ வேறுபட்டு ஒரு கிளை மட்டும் நின்றால், மஞ்சள் துணி கட்டி, அடுத்த வருடமும் அப்படியே காய்க்கிறதா என்று பார்த்து, பத்துக் குச்சி எடுத்துக் கட்டுங்கள். இயற்கையே பாய்ச்சிக் கொடுத்த மாற்றம் அது, மேலே சொன்ன ஆறாம் படியிலிருந்து நேராகத் தொடங்கலாம்.

என் தோப்பில் இப்போது கண் வைத்திருப்பது 30-87-3-1. போன இரண்டு பருவமும் கொட்டை மற்றவற்றைவிட மெலிந்து, கத்தி வைத்து வகுந்தால் சதை இரண்டு பக்கமும் அகலமாக விழுந்தது, ருசியும் பிரிக்ஸும் 0 கிரே மரத்தைப் போலவே. வருகிற ஜூனில் மூன்றாம் பருவம். அப்போதும் அப்படியே இருந்தால் பத்துக் கன்று பாலக்கோட்டுக்குப் போகும், வேர்ச்செடிகள் ஏற்கெனவே பையில் நிற்கின்றன.